செங்கோட்டுவேல் தூங்கிய வண்டி

முன்னொரு காலத்திலே என்று சொன்னதும் ரொம்பப் பின்னால் போய்விடாதீர்கள், ஆளுக்கொரு கைபேசியும் காட்டுக்கொரு வறண்ட ஆழ்துளைக் குழியும் வந்துசேர்ந்த பிறகுதான், திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே கல்லாங்காட்டு வலசு என்று ஓர் ஊர் இருந்தது, அந்த ஊரில் மழை கல்லின்மேல் பெய்து கல்லின்மேலேயே காய்ந்தது, பூமிக்குள் எத்தனை ஆழம் போனாலும் வெள்ளைப் புகைதான் எழும்பியது, அந்தப் புகை அடங்கியதும் ஊர்க்காரர்கள் தலையில் படிந்த மாவைத் தட்டிவிட்டு அடுத்த காட்டில் துளை போடப் போனார்கள்.

அந்த ஊரில் சிந்தாமணி என்று ஒருத்தி. சங்ககிரியில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் பிறந்து, இரும்புத் தூளில் தவழ்ந்து, வெல்டிங் வெளிச்சத்தைக் கண்ணாடி இல்லாமல் பார்த்து ராத்திரியெல்லாம் கண்ணெரிச்சலில் அழுது, அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தானே வெல்டிங் வைக்கப் பழகியவள். கல்யாணமாகி வந்த ஊரிலும் சும்மா இருக்கவில்லை, ஊர் முகப்பில் வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு இரும்புக் கேட்டும் ஜன்னலும் மாட்டுத் தொட்டியும் செய்துகொடுத்தாள். அவள் புருஷன் செங்கோட்டுவேல் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் வேலை செய்கிறவன். ராஜஸ்தான் என்பான், சத்தீஸ்கர் என்பான், போன இடத்திலிருந்து போன் பேசினால் பின்னால் எந்நேரமும் இயந்திரம் கத்திக்கொண்டிருக்கும். தீபாவளிக்கு வந்தால் பொங்கலுக்கு முன்னே போய்விடுவான். அப்படிப்பட்டவன் ஒரு மாசி மாதம் தோளில் ஒரு பையோடு வந்து, “போதும் சிந்தா, இனி எங்கயும் போறதா இல்ல” என்றான். அன்றைக்கு அவள் கொட்டகையைத் திறக்கவே இல்லை.

இரவெல்லாம் துளை போட்டுப் பகலில் தூங்கிப் பழகிய உடம்பு. மத்தியானம் சாப்பிட்டு, உள்ளறையில் பாயை விரித்துப் படுத்தான். எழுந்தபோது பாய் மிதந்துகொண்டிருந்தது. சிந்தாமணி முதலில் குடத்தைப் பார்த்தாள், குடம் உடையவில்லை. கூரையைப் பார்த்தாள், மாசியில் ஏது மழை. தரையில் காரை வெடித்து, வெடிப்பிலிருந்து தண்ணீர் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தாள், இளநீர் மாதிரி இருந்தது. “நாளைக்கு வெளிய படுங்க, காரை பூசுனது போனா போகுது, செவுரு தாங்காது” என்றாள். மறுநாள் கொட்டகைக்குப் பின்னால் பழைய இரும்புக் குவியலின் நிழலில் படுத்தான், அங்கேயும் வந்தது, கொஞ்சம் துரு வாசனையோடு.

அடுத்த வீட்டுப் பாவாயி, புருஷனை இழந்து ஊரின் கடைசிக் காட்டில் மிளகாய் வைத்துப் பிழைக்கிறவள், வேலிக்கு மேலாகத் தலையை நீட்டினாள்.

“ஏனம்மிணி, உன்ற ஊட்டுக்காரரு தூங்குனா தண்ணி வருதாமா?”

“ஆமாக்கா.”

“என்ற ஊட்டுக்காரரு இருந்த வரைக்கும் தூங்குனா கொறட்டைதான் வந்துச்சு. செரி, ஒரு குடம் மோந்துக்கட்டுமா?”

அப்படித்தான் அது ஊருக்குள் போனது. யாரும் வாயைப் பிளக்கவில்லை, யாரும் ஜோசியம் கேட்கப் போகவில்லை. கல்லாங்காட்டு வலசுக்காரர்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைவிட யாருக்கு அடுத்து வருகிறது என்பதுதான் எப்போதும் கேள்வி. பங்குக் கிணறு உள்ள ஊர்களில் எல்லாம் முறை என்று ஒன்று உண்டு, இன்றைக்கு இன்னார் இறைக்க வேண்டும், நாளைக்கு இன்னார், முறை தப்பினால் அண்ணன் தம்பிகூட மண்வெட்டியைத் தூக்குவார்கள். கல்லாங்காட்டு வலசின் பங்குக் கிணறுகள் வற்றிப்போய் வெகுகாலம், முறை மட்டும் யார் மனதிலும் வற்றவில்லை. ஊர்த்தலைவர் நாச்சிமுத்து ஆட்களைக் கூட்டி, கிணற்றுக்கு முறை வைப்பதுபோல் செங்கோட்டுவேலுக்கு முறை வைத்தார். இன்றைக்கு இன்னார் காட்டில் தூங்க வேண்டும், நாளைக்கு இன்னார் காட்டில்.

“மாப்ள,” என்றார் நாச்சிமுத்து, “உன்னய ஆரும் வேல செய்யச் சொல்லுல. தூங்கத்தான சொல்றம்?”

செங்கோட்டுவேல் சிரித்தான். அவனுக்கு அது பிடித்திருந்தது. முறைக்காரர் வீட்டில் காலையிலேயே அழைக்க வருவார்கள், கறி எடுத்துச் சமைப்பார்கள், தலையணைக்கு வெளுத்த உறை போட்டு வைப்பார்கள், பெண்டுகள் குழந்தைகளை அதட்டி மூலையில் உட்கார வைப்பார்கள், நாய்களைக் கூடக் கட்டிப்போடுவார்கள். அவன் தூங்கும்போது ஊரே நுனிவிரலில் நடந்தது. தண்ணீர் வரத் தொடங்கிவிட்டால் அதன் முதல் வேகம் அடங்கியபிறகுதான் அவன் எழுவான், நடுவில் கொட்டடித்தாலும் எழமாட்டான். அப்படி வந்த ஊற்று ஒரு பருவம் தாங்கும், அப்புறம் சுருங்கும், மறுபடி முறை வர வேண்டும். ஆக, இந்த முறைக்கு முடிவு என்று ஒன்று கிடையாது.

அது முதலில் உறைத்தது சிந்தாமணிக்குத்தான். அவன் சட்டையைத் துவைக்கப் போனவள் முகர்ந்து பார்த்தாள், வேர்வை வாசமே இல்லை. வெங்காயம் அரியச் சொல்லிப் பக்கத்தில் உட்காரவைத்தாள், அவள் கண்ணில் கொட்டியது, அவன் கண் பாலைவனமாக இருந்தது. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தால் கயிறு தாழவில்லை. செம்மண் புழுதியில் அவன் நடந்துபோன பாதையைப் பார்த்தாள், செருப்புத் தடம் விழவில்லை. குடம் குடமாகக் குடித்தான், குடித்ததெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டால் முறைக்காரர் வயலைத்தான் காட்ட வேண்டும்.

“நீங்க காஞ்சுட்டு வர்றீங்க.”

“வெயிலு அப்படி.”

“வெயிலு இல்லீங்க. உங்களத்தான் எறைக்கறாங்க. இன்னைக்கு முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்களேன்.”

செங்கோட்டுவேல் உதட்டில் உரிந்த தோலைப் பிய்த்தான். “ஒருத்தருக்கும் என்ற பேரு நெனப்புல இல்லாம இருந்துச்சு சிந்தா. வந்தா வந்தியா, போனாப் போனியா. இப்ப பொடுசுக எல்லாம் மாமா மாமாங்குது. நான் முடியாதுன்னா அந்தப் பாவாயக்காளுக்கு ஆரு தர்றது?”

அவன் சொல்லமாட்டான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டாள். அவன் சொல்லாததை அவள் சொன்னால் ஊர் கேட்காது. இன்னும் ஒரு சுற்று முறை வந்தால் இவனைக் கொடியில்தான் காயப்போட வேண்டியிருக்கும்.

இந்த நிலையில்தான் வண்டிப் பேச்சு வந்தது. கிட்டத்துக் காடுகளுக்கு நடந்து போனான், தூரத்துக் காடுகளுக்குக் கட்டிலோடு தூக்கிப் போனார்கள். ஆனால் பள்ளத்துக்கு அக்கரையில் உள்ள காடுகளுக்குப் பாதையே கிடையாது, முள்ளும் பாறையும் ஓடைச் சரிவும்தான். ஒருமுறை டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிப் போனார்கள், முறைக்காரர் வரும்வரை டிரெய்லரைக் கழற்றி, அதன் முன்கம்பிக்கு ஒரு கல்லை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். அலுப்பில் அவன் அதிலேயே கண்ணயர்ந்துவிட்டான். தண்ணீர் வந்தது, ஆனால் நூல் மாதிரி, அதுவும் அந்த முட்டுக்கல்லின் அடியில் மட்டும். டயர்கள் நின்ற இடம் பொரி மாதிரி காய்ந்து கிடந்தது. மற்றவர்கள் குறைந்துபோன தண்ணீரைப் பார்த்தார்கள். சிந்தாமணி டயரைப் பார்த்தாள்.

மறுநாள் நாச்சிமுத்து கொட்டகைக்கு வந்து, “அம்மிணி, கல்லு மேல போனாலும் குலுங்காம, உள்ளயே படுத்துத் தூங்கற மாதிரி ஒரு வண்டி பண்ணோணும். ஊடு மாதிரி இருக்கோணும், உருளோணும். உன்னால ஆகுமா?” என்று கேட்டபோது, மாட்டேன் என்று சொல்லப்போகிறாள் என நினைத்துப் பாவாயிகூட வேலியோரம் வந்து நின்றாள்.

“ஆகுமுங்க,” என்றாள் சிந்தாமணி. “பண்ணித் தர்றன்.”

பாடி கட்டுகிறவர்கள் காகிதத்தில் வரைய மாட்டார்கள். கொட்டகையின் சிமெண்ட் தரையைக் கழுவிக் காயவிட்டு, சாக்பீஸால் வண்டியை நிஜ அளவுக்கே தரையில் வரைந்தாள், இது சேஸ் என்கிற அடிச்சட்டம், இது அச்சு, இது கதவு, இது படுக்கை. அந்தக் கோட்டின்மேல் யாரும் கால் வைக்கவில்லை. ஏதோ வீட்டுக்குக் கடக்கால் போட்டிருப்பதுபோல் ஊர் வந்து சுற்றி நின்று பார்த்தது, பார்த்தவர்கள் சும்மாவும் இருக்கவில்லை. கிழக்கே பார்த்து ஜன்னல் வேண்டும் என்றார் ஒருவர். சாமி படம் மாட்ட ஆணி வேண்டும் என்றார் இன்னொருவர். மின்விசிறி இல்லாமல் எப்படித் தூக்கம் வரும் என்று கேட்டு, தன் வீட்டு விசிறியையே கழற்றிக்கொண்டு வந்தாள் ஒரு பெண்.

“படுக்க ஏன் இத்தன அகலம்? ஒருத்தருதான தூங்கறாரு?” என்றாள் பாவாயி.

“அவிய கைகால வீசித் தூங்குவாங்கக்கா.”

“கைகாலத்தான வீசுவாரு?” என்று பாவாயி கேட்டதில் கூட்டம் சிரித்து அடங்க வெகுநேரம் ஆனது. சிந்தாமணியும் சிரித்தாள். சிரிக்கும்போதே அவள் கண் அந்தக் கோடுகளில், இரண்டு பேர் படுக்க இடம், அடுப்புக்கு இடம், துணிமணிக்கு இடம் என்று அளந்துகொண்டிருந்தது.

ஜீப்பின் பழைய பின்னச்சு ஒன்றை எடுத்தாள். பட்டை ஸ்பிரிங்குகளை அச்சுக்கு அடியில் கட்டாமல் அச்சின் மேலே தூக்கிக் கட்டினாள், வண்டியின் வயிறு பாறைக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. ஓடையிலிருந்து மேடேறும்போது வால் தரையில் இடிக்காதிருக்க, பின்பக்க அடியைச் சாய்வாக வெட்டி ஏற்றினாள். டிராக்டரோடு மாட்டும் இடத்தில் வெறும் ஊசிக் கொக்கி போட்டால் கல்லில் ஒரு சக்கரம் ஏறியதும் முறுக்கி உடைந்துவிடும், அதனால் எந்தப் பக்கமும் திரும்பும் கொக்கி ஒன்றை லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கினாள். இரும்புச் சதுரக் குழாயில் கூடு, கூட்டுக்கு மேல் அலுமினியத் தகடு, தகட்டுக்கு உள்ளே பிளைவுட், முன்பக்கம் ஓட்டுகிறவர் திரும்பினால் உள்ளே தெரிகிற மாதிரி ஒரு சின்னக் கண்ணாடி. வண்டியைத் தனியாக நிறுத்தும்போது முன்னால் ஊன்றுவதற்கு எல்லோரும் இரும்புக் கால்தான் வைப்பார்கள். அவள் அங்கே ஒரு சின்ன ரப்பர்ச் சக்கரத்தை வைத்தாள். ஆக அந்த வண்டி எப்படி நின்றாலும் மண்ணைத் தொடுவது ரப்பர் மட்டும்தான்.

அவள் போட்ட திட்டம் அவ்வளவுதான், யாரிடமும் சொல்லாத திட்டம். தண்ணீர் வராது. இரண்டு முறை, மூன்று முறை பார்ப்பார்கள், வராது. அந்த வரம் தீர்ந்துபோயிற்று என்று ஊர் தன்னாலே முடிவுக்கு வரும். அவனை விட்டுவிடும். அப்புறம் அந்த வண்டியிலேயே தூங்கி எழுந்து, எங்கேயாவது, எப்படியாவது. தகட்டில் ஓட்டை போடும்போதும், ஆணி முடுக்கும்போதும், இதைத்தான் மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள், வராது, வராது, வராது.

வண்டி முடிந்ததும் பெண்கள் சக்கரங்களுக்கு மஞ்சள் பூசி, வாசலில் மாவிலை கட்டி, அதற்குத் தூக்கவண்டி என்று பேரும் வைத்துவிட்டார்கள். முதல் முறை யாருக்கு என்று பார்த்தபோது அது பள்ளத்துக்கு அக்கரையில் இருந்த பாவாயிக்கு வந்தது. அவள் மிளகாய்ச் செடிகள் அந்த வாரம் தாங்கினால் தாங்கும், தாங்காவிட்டால் பிடுங்கிப் போட வேண்டியதுதான். அன்றைக்கு ராத்திரி சிந்தாமணி விழித்தபடி படுத்திருந்தாள். வேலிக்கு அந்தப்பக்கம் பாவாயி மடை வெட்டிவைக்க மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. எழுந்து வேலிவரை போனாள். திரும்பி வந்து படுத்துக்கொண்டாள்.

நாச்சிமுத்துவின் டிராக்டரில் வண்டியை மாட்டி, ஊரே பின்னால் நடக்க, மத்தியானத்துக்கு முன்னே பாவாயி காட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு பாறையில் இடதுசக்கரம் ஏறியது, வலதுசக்கரம் பள்ளத்தில் இறங்கியது, வண்டி தோளைச் சாய்த்து ஆடி நிமிர்ந்ததே தவிர உள்ளே வைத்திருந்த செம்புத் தண்ணீர் தளும்பவில்லை. “பொம்பள கை பட்டாலும் வேல கைகாரத்தனமாத்தான் இருக்குது” என்றார் ஒருவர், பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு. காடு சரிவாக இருந்ததால் டிராக்டரைக் கழற்ற வேண்டாம் என்று சிந்தாமணி சொன்னாள். செங்கோட்டுவேல் உள்ளே ஏறினான். அவன் ஏறியதில் ஸ்பிரிங் அசையவே இல்லை. அவள் மட்டும்தான் அதைக் கவனித்தாள்.

அவன் தூங்கினான். ஊர் சுற்றி உட்கார்ந்தது. ஒரு பிள்ளை இருமியது, அதன் வாயைத் தாய் பொத்தினாள். சூரியன் வண்டியின் தகட்டில் ஏறி, கூரையைத் தாண்டி, அந்தப்பக்கம் இறங்கியது. எல்லோரும் மண்ணையே பார்த்தார்கள், மண் அவர்களையே பார்த்தது. பாவாயி வெட்டிவைத்த மடையின் தலைமாட்டில் மண்வெட்டியோடு நின்றவள் நின்றபடியே இருந்தாள். செங்கோட்டுவேல் கொட்டாவி விட்டுக்கொண்டு கதவைத் திறந்து, “எவ்வளவு வந்துச்சு?” என்றான்.

பாவாயி குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தாள். அது விரலிடுக்கில் புகையாகப் போனது.

“செரி, தீந்துபோச்சு போல. எத்தன நாளைக்குத்தான் வரும்?” என்றாள் சிந்தாமணி.

நாச்சிமுத்து வண்டிக்கு அடியில் குனிந்தார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், டயரைத் தட்டிப் பார்த்தார். அவர் தலைவராகும் முன்னே பெட்ரோல் டேங்கர் ஓட்டியவர். எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்.

“எர்த்து இல்ல. டேங்கர் லாரிக்குப் பொறத்தாண்ட சங்கிலி தொங்குமல்லோ, அதாட்ட ஒண்ணு வுடோணும். அம்மிணி மறந்துபோச்சு, பாவம். எல்லாம் ரப்பரு. மண்ணத் தொடாம எப்பிடித் தண்ணி வரும்?”

டிராக்டரில் கிடந்த இழுவைச் சங்கிலியை எடுத்து, ஒரு முனையை வண்டியின் பின்சேஸில் கொக்கி போட்டு, மறுமுனையைக் கடப்பாரையில் சுற்றி, கடப்பாரையைச் சம்மட்டியால் மண்ணில் இறக்கினார்கள். “இன்னொருவாட்டி படு மாப்ள, முறை தப்பக்கூடாதல்லோ.” சிந்தாமணி, “வேண்டாமுங்க, இப்பத்தான எந்திரிச்சாங்க” என்றாள். செங்கோட்டுவேல் பாவாயியின் வெறுங்கையைப் பார்த்தான். பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். படுத்தவுடன் தூங்கிப்போனான்.

தடுத்து வைத்த தண்ணீர் எப்படி வரும் என்று அணை திறந்ததைப் பார்த்தவர்களைக் கேளுங்கள். கடப்பாரையைச் சுற்றி மண் முதலில் வயிறு மாதிரி உப்பியது, அப்புறம் வெடித்தது. ஆளுயரத்துக்குத் தண்ணீர் எழும்பியதில் கூட்டம் கத்திக்கொண்டு பின்வாங்கி, கத்திக்கொண்டே முன்னே வந்தது, ஆண்கள் வேட்டியோடு நனைந்தார்கள், பெண்கள் ஒருவர் தலையில் ஒருவர் வாரி ஊற்றிக்கொண்டார்கள். சிந்தாமணி முன்கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். அகலமான அந்தப் படுக்கையில் அவன் ஒரு போர்வை அளவுக்குக் கிடந்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே போர்வை தோள்துண்டு அளவுக்குச் சுருங்கிக்கொண்டிருந்தது.

சங்கிலியைப் பிடிக்க ஓடினாள். யாரோ அவள் கையைப் பிடித்து, “இரு அம்மிணி, இப்பத்தான் நல்லா வருது” என்றார்கள். நாச்சிமுத்து கடப்பாரையின்மேல் ஒரு காலை வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, பிள்ளை பிறந்த வீட்டுக்காரர் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் பயம் வந்தது. கையை உதறிக்கொண்டு போய் டிராக்டரில் ஏறிச் சாவியைத் திருகினாள்.

கடப்பாரை பிடுங்கிக்கொண்டு வந்தது. ஆனால் சங்கிலி கழலவில்லை. கடப்பாரையை இழுத்துக்கொண்டு சங்கிலியும், சங்கிலியை இழுத்துக்கொண்டு வண்டியும், வண்டியை இழுத்துக்கொண்டு டிராக்டரும் காட்டைக் குறுக்கே கிழித்துப் போயின. இரும்பு உரசிய இடமெல்லாம் மண் விரிந்து தண்ணீர் கிளம்பியது, அவள் போகப்போக அவளுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் வந்துகொண்டிருந்தது. நிறுத்தினால் பின்னால் ஓடிவருகிறவர்கள் கடப்பாரையை மறுபடி இறக்கிவிடுவார்கள். நிறுத்தாவிட்டால் ஒவ்வொரு முழத்துக்கும் அவன் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துகொண்டிருந்தான். கூப்பிட்டாள், “ஏனுங்க! எந்திரீங்க!” என்று தொண்டை கிழியக் கூப்பிட்டாள், தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போது அவன் எந்தக் காலத்தில் எழுந்தான்.

டிராக்டர் என்ன வேகம் போய்விடும். ஊர் முழுக்கப் பின்னால் ஓடிவந்தது, மண்வெட்டியும் கூடையுமாக, “நில்லு”, “முறை”, “என்ற வண்டி” என்று ஆளுக்கொன்று கத்திக்கொண்டு. சிந்தாமணி பாதையைப் பார்க்கவில்லை, காடு காடாக, வரப்பு வரப்பாக ஏறி இறங்கினாள். அப்போதுதான் அது நடந்தது. முன்னால் ஓடிவந்தவர் சட்டென்று நின்றார். புது வாய்க்கால் அவருடைய காட்டு ஓரமாகப் போயிருந்தது. ஒரு வெட்டு வெட்டினால் உள்ளே பாயும். அவர் குனிந்து வெட்டத் தொடங்கினார். அடுத்த காடு வந்தது, அடுத்தவர் நின்றார். நாங்கள்தான் முதலில் வெட்டினோம் என்று இரண்டு பங்காளிகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார்கள். நாச்சிமுத்து தன் டிராக்டருக்காக எல்லோரையும்விடத் தூரம் ஓடிவந்தார், ஆனால் அவருடைய சோளக்காடும் வழியில்தான் இருந்தது. அவர் டிராக்டரைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், மறுபடி டிராக்டரைப் பார்த்தார். அப்புறம் பக்கத்தில் கிடந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

ஒரே ஒரு ஆள் மட்டும் நிற்கவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பாவாயி ஓடிவந்தாள். ஓடைச் சரிவில் டிராக்டர் முக்கி ஏறியபோது கிட்டத்தில் வந்துவிட்டாள்.

“நிறுத்து!”

“மாட்டேன்!”

“நிறுத்துடி, சங்கிலியக் கழட்டோணும்!”

சிந்தாமணி திரும்பிப் பார்த்தாள். பாவாயி பொய் சொல்லலாம். முறை அவளுடையது, மிளகாய் அவளுடையது, அவளை ஏமாற்றியது இவள். நின்றால், ஒரே ஒரு அடி அடித்து அந்தக் கடப்பாரையை மண்ணில் இறக்கிவிட ஒரு ஆள் போதும். கண்ணாடியைப் பார்த்தாள். படுக்கையில் இப்போது துண்டுகூட இல்லை, துண்டின் மடிப்பு மாதிரி ஏதோ ஒன்று. பிரேக்கின்மேல் ஏறி நின்றாள்.

நின்ற இடத்தில் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. பாவாயி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேஸைத் தடவிக் கொக்கியைப் பிடித்தாள், இறுகிப்போயிருந்தது. கல்லை எடுத்து அடித்தாள், கல் உடைந்தது. இன்னொரு கல்லை எடுத்து வசவு ஒன்றைச் சொல்லி அடித்தாள், கொக்கி திறந்தது. சங்கிலி தண்ணீருக்குள் விழுந்தது. சத்தம் அத்தனையும் அடங்கி, ஓடை மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

இரண்டு பேரும் உள்ளே ஏறினார்கள். பாவாயி தன் சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து அவன் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டாள். முதல் சொட்டு எங்கே போனதென்று தெரியவில்லை. அப்புறம் தொண்டை அசைந்தது. அப்புறம் மடக்கென்று ஒரு சத்தம். சொம்பு தீர்ந்தது, மறு சொம்பு தீர்ந்தது, கன்னம் வந்தது, தோள் வந்தது, மேலுதட்டில் அரும்பு அரும்பாக வேர்த்தது. செங்கோட்டுவேல் கண்ணைத் திறந்து பாவாயியைப் பார்த்து, “வந்துச்சாக்கா?” என்றான்.

“வந்துச்சு தம்பி. நெம்ப வந்துச்சு. போதும்.”

கீழே இறங்கியபிறகுதான் பாவாயி சிந்தாமணியின் முகத்தைப் பார்த்தாள்.

“எனக்குத்தான் மொத முறைனு தெரிஞ்சப்புறமாச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்லோ?”

“வேலி வரைக்கும் வந்தங்க்கா. சொல்லியிருந்தா வேண்டாம்னு வுட்டிருப்பீங்களா?”

பாவாயி யோசித்தாள். முந்தானையைப் பிழிந்துகொண்டே யோசித்தாள்.

“தெரியல,” என்றாள். “வுட்டிருப்பனோ, வுட்டிருக்க மாட்டனோ. கேட்டிருந்தீன்னா எனக்கே தெரிஞ்சிருக்கும்.”

சிந்தாமணி டிராக்டர் பக்கம் திரும்பினாள். “டிராக்டர சங்ககிரில எங்கண்ணன் பட்டறைல வுட்டுடறன், தலைவர வந்து எடுத்துக்கச் சொல்லுங்க. அங்க ஜீப்பு இருக்குது, இத மாட்டிக்குவோம்” என்றாள்.

“அப்புறம்?”

“அப்புறம் எங்கயாவது. தூங்கும்போது மண்ணுல படாம.”

“தார் ரோட்டுக்குப் போறதுக்கு முன்னாடி வலது டயரப் பாத்துக்க, கல்லு செருகியிருக்குது.”

“அக்கா, கோவமா?”

“இருக்குது,” என்றாள் பாவாயி. “என்ற காட்டுல மடையக் கட்டாம வந்துட்டன், தண்ணியெல்லாம் பக்கத்துக் காட்டுக்குப் போயிட்டிருக்கும்.”

சொல்லிவிட்டு ஓடைச் சரிவில் இறங்கினாள். ஈரச் சேலை காலைத் தட்ட, புது வாய்க்காலின் கரையோடே, அவரவர் மடையில் குனிந்திருந்தவர்கள் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், வேகவேகமாக நடந்து போனாள்.